சாஃப்ட் ஹேக்கிள் வெட் ஃப்ளையில் ட்ரவுட் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாஃப்ட் ஹேக்கிள் என்பது என்ன வகை ஃப்ளை?

ஃப்ளை என்பது ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் பூச்சி போலக் கட்டும் செயற்கை இரை. நீருக்குள் அமிழ்வது வெட் ஃப்ளை, மேலே மிதப்பது ட்ரை ஃப்ளை. ஹேக்கிள் என்றால் அதில் சுற்றும் இறகு. சாஃப்ட் ஹேக்கிளில் முள்ளின் தண்டில் பட்டு நூலோ மெல்லிய ரோமமோ சுற்றிய ஒல்லியான உடல். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் மென்மையான பறவை இறகு ஒன்றரைச் சுற்று அல்லது இரண்டு சுற்று. அவ்வளவுதான். பெரும்பாலானவற்றுக்கு வாலும் கிடையாது, இறக்கையும் கிடையாது.

ட்ரை ஃப்ளைக்கு விறைப்பான சேவல் கழுத்து இறகு வேண்டும்; அதுதான் நீரின் மேல் ஃப்ளையை நிற்க வைக்கிறது. இதற்கு வேண்டியது நேர் எதிரானது: கவுதாரி, உள்ளான், ஸ்டார்லிங், பெட்டைக்கோழி போன்றவற்றின் துவளும் இறகு. உலர்ந்த நிலையில் கையில் வைத்துப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஃப்ளையை நூலில் கட்டி உள்ளே இறக்கி மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். மேலே இழுக்கும்போது இழைகள் உடலோடு ஒட்டிப் படிகின்றன. நிறுத்தியதும் ஒவ்வொன்றாக விரிகின்றன. இந்த அசைவை நம்பித்தான் இந்த ஃப்ளையே கட்டப்படுகிறது.

இது புதுச் சரக்கு இல்லை. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்தின் எல்லைப்புற ஆறுகளிலும் இதை ‘ஸ்பைடர்’ என்ற பெயரில் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தினார்கள். 1857-லேயே ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் இவற்றை நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வீசுவதுதான் சிறந்தது என்று வாதாடி எழுதினார். ட்ரை ஃப்ளையும் நிம்ஃபும் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போலக் கட்டிய ஃப்ளை) புகழ் பெற்றபோது இது பின்னுக்குப் போனது. 1975-க்குப் பிறகு அமெரிக்காவில் சில்வெஸ்டர் நெம்ஸின் எழுத்தால் மறுபடி பரவியது.

மீன் இதை என்னவென்று நினைத்துக் கடிக்கிறது?

குறிப்பாக ஒரே பூச்சியாக அல்ல. நீருக்கடியில் வளர்ந்த பூச்சி மேலே வந்து இறக்கை விரிக்கும் அந்தச் சில நொடிகள்தான் அதன் வாழ்க்கையில் ஆபத்தானவை. வேகமாக நீந்தவும் முடியாது, பறக்கவும் முடியாது. கேடிஸ் என்ற ஆற்றுப்பூச்சியின் கூட்டுப்புழு கால்களை அடித்துக்கொண்டு மேலேறும். மே ஃப்ளை என்ற இன்னொரு ஆற்றுப்பூச்சியின் இளம்பூச்சி நீர்ப்பரப்பின் அடியில் தொங்கிக்கொண்டு தோலுரிக்கும். எபியோரஸ் இனத்து மே ஃப்ளைகள் நீருக்குள்ளேயே தோலுரித்து, இறக்கையோடு மேலே வருகின்றன.

இறங்கும் பூச்சிகளும் உண்டு. பீடிஸ் இனத்துப் பெண் மே ஃப்ளைகளில் பல, கல்லைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் ஊர்ந்து போய் முட்டையிடும். சில கேடிஸ் இனங்கள் நேராக முங்கும். முட்டையிட்டுக் களைத்தவை ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும். கால், இறக்கை, உரித்த தோல் எல்லாம் கலந்து கலங்கலாகத் தெரியும் இந்த உருவத்தைத்தான் இறகு இழைகள் காட்டுகின்றன. அதனால் பூச்சியை அச்சு அசலாகப் பார்த்துச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. அளவும் நிறத்தின் அடர்வும் ஏறத்தாழப் பொருந்தினால் போதும்.

என்ன ராட் (தூண்டில் கோல்), என்ன லைன்?

9 முதல் 10 அடி நீளம், 4 அல்லது 5 எடை எண் (எந்தக் கனமுள்ள லைனுக்கு ஏற்றது என்று காட்டும் எண்), மிதமாக வளையும் ராட். நுனி மட்டும் விறைப்பாக வெடுக்கென்று நிமிரும் ராடைத் தவிர்ப்பது நல்லது. மீன் இறுகிய லைனில் மோதும்போது அந்த அதிர்ச்சியை ராட் வாங்கிக்கொள்ளாவிட்டால் டிப்பெட் (ஃப்ளை கட்டும் மெல்லிய நுனி நூல்) வாங்கிக்கொள்ளும், அதாவது அறுந்துவிடும். நீளமான ராட் இருந்தால் லைனை நீரிலிருந்து தூக்கி ஓட்டத்துக்கு மேல் பிடிப்பதும் எளிது.

மிதக்கும் லைன் ஒன்றே பெரும்பாலான வேலைக்குப் போதும். லைன் முனையில் கட்டும் மெல்லிய லீடர் 9 அடி, நுனி 4எக்ஸ், அதாவது 0.18 மி.மீ. சிறிய ஃப்ளைக்கு 5எக்ஸ், 0.15 மி.மீ. அதைவிட மெல்லியதற்குப் போகாதீர்கள். ட்ரை ஃப்ளைக்கு 6எக்ஸ் பழகியவர்கள் இங்கேயும் அதைக் கட்டி, முதல் நல்ல மீனிலேயே ஃப்ளையை இழக்கிறார்கள். தளர்ந்த லைனில் மீன் கடிப்பது வேறு, இறுகிய லைனில் கடிப்பது வேறு. நீர்ப்பரப்பை ஒட்டிப் பிடிக்க நைலான், சற்று ஆழம் வேண்டுமானால் ஃப்ளூரோகார்பன். பின்னது நைலானைவிடக் கனமானது, வேகமாக அமிழும்.

இரண்டு மூன்று ஃப்ளை சேர்த்துக் கட்டுவது எப்படி?

முதலில் அந்த ஆற்றின் விதிமுறையைப் பாருங்கள். சில இடங்களில் ஒரே ஒரு ஃப்ளைக்குத்தான் அனுமதி, சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று.

லீடர் நுனியோடு 70 செ.மீ. டிப்பெட் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டும் சுமார் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, மூன்று முறை சுற்றிய சர்ஜன் முடிச்சுப் போடுங்கள். எச்சில் தடவி மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நைலானை வேகமாக இறுக்கினால் சூட்டில் வலு குறையும். இப்போது இரண்டு வால்கள் மிச்சம் இருக்கும். ஒன்று ராட் பக்கம் பார்க்கும், ஒன்று ஃப்ளை பக்கம் பார்க்கும். ஃப்ளை பக்கம் பார்ப்பதை வைத்துக்கொண்டு மற்றதை ஒட்ட நறுக்குங்கள். காரணம், வைத்துக்கொண்ட வால் மேல் லீடரின் தொடர்ச்சி. அதில் மீன் மாட்டினால் இழுப்பு நேராக லீடருக்குப் போகும். மாற்றி வெட்டிவிட்டால் மீன் முடிச்சைப் பிளந்து இழுக்கும்.

அந்த வால்தான் ட்ராப்பர். ஃப்ளை கட்டி முடித்த பின் நீளம் 10 முதல் 12 செ.மீ. இருக்கட்டும். 15-ஐத் தாண்டினால் லீடரையே சுற்றிக்கொள்ளும். அடுத்த ஃப்ளை 50 செ.மீ. தள்ளி. கனமான முள்ளில் கட்டியது எப்போதும் கடைசியில், அதாவது நுனியில்.

முதலில் எந்தெந்த ஃப்ளை வைத்துக்கொள்ளலாம்?

நாலு போதும், ஒவ்வொன்றும் 12, 14, 16 எண் முட்களில். (எண் கூடக் கூட முள் சிறியது.)

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு: ஆரஞ்சுப் பட்டு உடல், பழுப்புப் புள்ளி போட்ட கவுதாரி இறகு. ஒன்றே ஒன்றுதான் எடுத்துப் போக வேண்டும் என்றால் இதுதான். நனைந்ததும் அந்த ஆரஞ்சு துருப்பழுப்பாக மாறும். பல மே ஃப்ளை, சிறிய ஸ்டோன் ஃப்ளை போன்ற பூச்சிகள் எல்லாவற்றின் சாயலும் அதில் வந்துவிடும்.

பச்சை உடலும் கவுதாரி இறகும் கொண்டது கேடிஸ் வரும் நேரத்துக்கு. இறகுக்குப் பின்னால் முயல் ரோமம் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஸ்னைப் அண்ட் பர்ப்பிள், ஊதாப் பட்டும் உள்ளானின் கருத்த சிறகுமூடி இறகும் சேர்ந்தது. பருவத்தின் தொடக்கத்தில், குளிரும் மேகமூட்டமும் உள்ள நாளில், கருத்த சிறு மே ஃப்ளைகள் பறக்கும்போது இதற்கு ஈடில்லை. உள்ளான் இறகு கிடைக்காவிட்டால் ஸ்டார்லிங் போதும்.

நாலாவது மயில் தோகை இழை உடலும் ஸ்டார்லிங் இறகும். கருப்புக் கொசுவினம், சிறு வண்டு, எறும்பு என்று பல வேலைக்கு ஆகும்.

இதற்கு மேல் சேர்ப்பது ஆசைக்காகத்தான். பெட்டி நிறைய வகை வைத்திருப்பவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதிலேயே பாதி நேரத்தைக் கழிப்பார்.

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு கட்டும் முறை என்ன?

14-ம் எண் வெட் ஃப்ளை முள் ஒன்றை எடுத்து, முள்ளைப் பிடித்து நிறுத்தும் வைஸில் பொருத்தும் முன்பே முள்ளின் கொக்கியை (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு பிசிரை) இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு நசுக்கும்போது முனை ஒடிந்தால் வேலை அத்தனையும் வீண்.

மெல்லிய ஆரஞ்சுப் பட்டு நூலை மெழுகின் மேல் இரண்டு மூன்று முறை இழுங்கள். மெழுகு இல்லாத பட்டு தண்டில் வழுக்கும். கண்ணிலிருந்து 2 மி.மீ. விட்டு நூலைத் தொடங்குங்கள். கண்ணுக்கும் உடலுக்கும் நடுவே இந்த இடத்தை விடாததுதான் தொடக்கத்தில் எல்லோருக்கும் தலை பெரிதாக வருவதற்குக் காரணம். சுற்று சுற்றை ஒட்டி, மேலேறாமல், முள்ளின் கூர்முனைக்கு நேர் மேலே வரும்வரை போங்கள். அதோடு நிறுத்துங்கள், வளைவுக்குள் இறங்க வேண்டாம். அதே போல ஒட்டிய சுற்றுகளாகத் திரும்பி வாருங்கள். உடல் தயார். பட்டு உடல் மீன் பல்லில் சீக்கிரம் கிழியும். மிக மெல்லிய தங்கநிறக் கம்பியை நாலைந்து திறந்த சுற்றாகச் சுற்றினால் ஆயுள் கூடும், பூச்சி உடலின் வளையம் போலவும் தெரியும்.

இப்போது இறகு. கவுதாரியின் கழுத்து அல்லது முதுகுப் பகுதியில், இழையின் நீளம் முள்ளின் கண்ணிலிருந்து வளைவு வரை வருகிற இறகைத் தேர்ந்தெடுங்கள். அடியில் இருக்கும் பஞ்சு போன்ற இழைகளை உருவி எறியுங்கள். நுனியில் சில இழைகளை மட்டும் விட்டு, மற்றதைப் பின்னோக்கி நீவினால் நுனி ஒரு சிறு முக்கோணமாகத் தனியே நிற்கும். அந்த முக்கோணத்தைக் கண்ணுக்குப் பின்னால் மூன்று சுற்றில் கட்டுங்கள். இறகின் பளபளப்பான பக்கம் கண்ணைப் பார்க்க வேண்டும், குழிந்த மங்கல் பக்கம் வளைவைப் பார்க்க வேண்டும். தவறினால் இழைகள் முன்னோக்கி விரியும்.

காம்பை ஹேக்கிள் இடுக்கியில் பிடித்து, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் இழைகளைப் பின்னால் நீவிக்கொண்டே ஒன்றரை முதல் இரண்டு சுற்று. நூலால் இரண்டு சுற்றில் அமர்த்தி, காம்பை நறுக்கி, நாலு சுற்று விப் ஃபினிஷ் (நூல் முனையை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே மறைக்கும் முடிச்சு). ஊசி முனையில் எடுத்த வார்னிஷ் ஒரு புள்ளி போதும். இழையில் பட்டால் அது விறைத்துப் போகும், ஃப்ளை செத்தது.

கட்டியது சரியாக வரவில்லை. எங்கே கோளாறு?

இழைகள் அடர்த்தியாகக் குடை போல நிற்கின்றன என்றால் சுற்று அதிகம். இறகைக் கட்டும் முன் ஒரு பக்கத்து இழைகளை முழுக்க உருவிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றிலும் கணக்காக நிற்கும். முடிந்த ஃப்ளையில் இழைகளை எண்ணினால் பன்னிரண்டு பதினைந்துக்குள் இருந்தால் அழகு.

நீரில் இழைகள் உடலோடு ஒட்டிக்கொண்டு விரியவே இல்லையா? பட்டு உடல் மிகவும் ஒல்லி என்பதால் இழைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இறகு கட்டுமிடத்துக்குப் பின்னால் முயல் காது ரோமத்தை ஒரு சிட்டிகை நூலில் திரித்து இரண்டு சுற்று, அல்லது மயில் இழை இரண்டு சுற்று போடுங்கள். வேகமான நீருக்கு இப்படிக் கட்டியதையே எடுத்துப் போவது நல்லது.

ஸ்டார்லிங் காம்பு சுற்றும்போதே அறுகிறதா? அந்தக் காம்பு மிக மெல்லியது. நுனியை விட்டுவிட்டுக் காம்பு பக்கத்திலிருந்து கட்டுங்கள், இடுக்கியின் கனமே இழுக்கட்டும், கை இழுக்க வேண்டாம்.

என்னிடம் உள்ள இறகுகள் எல்லாம் 16-ம் எண் முள்ளுக்குப் பெரியதாக இருக்கின்றனவே?

கவுதாரித் தோல் ஒன்றில் சிறு முட்களுக்கு ஏற்ற இறகு கொஞ்சம்தான் இருக்கும். மிச்சத்தை வீணாக்க வேண்டாம். பெரிய இறகிலிருந்து பத்துப் பன்னிரண்டு இழைகளை நுனி சமமாக வரும்படி சேர்த்துப் பிடித்து வெட்டுங்கள். உடல் கட்டும் முன்பே, அந்தக் கற்றையைக் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி தண்டின் மேல் வைத்து, தளர்வாக இரண்டு சுற்று. விரல் நகத்தால் அழுத்தினால் இழைகள் தண்டைச் சுற்றிப் பரவும். பிறகு இறுக்கி, பின்னால் துருத்தும் அடிப்பகுதியை நறுக்கி, உடலைக் கட்டி முடித்து, கடைசியில் இழைகளைப் பின்னோக்கி மடித்து அவற்றின் முன்னால் நூலைச் சுற்றி நிறுத்துங்கள். இழையின் நீளத்தை நீங்களே தீர்மானிக்கலாம் என்பதே இதில் உள்ள லாபம்.

ஆற்றில் எங்கே, எப்போது?

முட்டி முதல் தொடை வரை ஆழம், மனிதன் நடக்கும் வேகத்தில் ஓட்டம், மேற்பரப்பில் சிற்றலை. இந்த மூன்றும் சேர்ந்த இடம் சாஃப்ட் ஹேக்கிளுக்கென்றே அமைந்தது. கற்கள் மேல் சலசலத்து வரும் நீர் ஆழமாகத் தொடங்குமிடம், வேக நீரும் மெதுநீரும் உரசும் விளிம்பு, பெரிய பாறையின் பின்புறம், மடுவின் வால் பகுதி. கண்ணாடி போல அசையாத நீரில் இதன் பலவீனம் தெரிந்துவிடும்.

நேரம் என்றால், பூச்சி வெளிவரத் தொடங்குவதற்குச் சற்று முன்பிலிருந்து. மேலே நாலைந்து பூச்சிகள்தான் பறக்கின்றன, மீன் மட்டும் மும்முரமாகத் தின்கிறது என்றால் அது கீழே தின்கிறது. மீன் எழும் விதத்தையும் பாருங்கள். நீர் புடைத்து, முதுகும் துடுப்பும் தெரிந்து, ஆனால் பின்னால் காற்றுக் குமிழி இல்லையென்றால் நீர்ப்பரப்புக்கு அடியில் எடுக்கிறது. குமிழி மிதந்து வந்தால் மேலிருந்த பூச்சியைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. அப்போது ட்ரை ஃப்ளைக்கு மாறலாம். இதைக் கவனிக்காமல் ட்ரை ஃப்ளையை மாற்றி மாற்றிக் கட்டி ஒரு மாலை முழுவதையும் வீணாக்குகிறவர்கள் நிறைய.

பூச்சியே இல்லாத நேரத்திலும் இது வேலை செய்யும். ஆழத்தில் கிடக்கும் மீனை மேலே வரவழைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது ட்ரவுட் சுறுசுறுப்பாக மேலே வந்து தின்னும்.

ஸ்விங் முறையில் வீசுவது எப்படி?

ஸ்விங் என்பது ஃப்ளையை ஓட்டமே குறுக்கே இழுத்துப் போக விடுவது. ஓட்டத்துக்குக் குறுக்கே, கீழ்நோக்கிச் சாய்த்து, சுமார் 45 டிகிரியில் வீசுங்கள். தொடக்கத்துக்கு 8 முதல் 10 மீட்டர் தூரம் போதும். லைன் விழுந்ததும் நடு ஓட்டம் அதைக் கீழே வளைத்து இழுக்கத் தொடங்கும். அந்த வளைவு ஃப்ளையைச் சாட்டையால் அடித்தது போல இழுத்துக்கொண்டு போகும். ஒரு செ.மீ. நீளப் பூச்சி ஆற்றை அந்த வேகத்தில் குறுக்கே கடக்காது என்பது ட்ரவுட்டுக்குத் தெரியும். எனவே லைன் விழுந்த கையோடு ராட் நுனியால் அரைவட்டம் போட்டு அதை ஆற்றின் மேல்பக்கம், அதாவது ஓட்டம் வரும் பக்கம், தூக்கிப் போடுங்கள். இதுதான் மெண்டிங். மீன் இருக்கும் இடத்துக்கு ஃப்ளை வந்து சேர்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வந்த பிறகு செய்தால் ஃப்ளை துள்ளும்.

பிறகு ராட் நுனியை லைன் போகும் திசையிலேயே நகர்த்திக்கொண்டு போங்கள். வேகம் சரிதானா என்று அறிய, பக்கத்தில் மிதக்கும் நுரைத் துணுக்குகளோடு லைன் நுனியை ஒப்பிடுங்கள். லைன் நுரையை முந்திக் குறுக்கே ஓடினால் வேகம் அதிகம். இன்னும் சாய்த்து வீசுங்கள், அல்லது இன்னொரு மெண்ட் போடுங்கள். மெதுநீரில் இதற்கு நேர் எதிர்: ஃப்ளை சோம்பிக் கிடந்தால் குறுக்கே நேராக வீசி, லைனைக் கீழ்ப்பக்கம் மெண்ட் செய்தால் ஓட்டம் பிடித்து இழுத்து உயிர் கொடுக்கும். பலர் மேல்பக்க மெண்டை மட்டும் பழக்கமாக்கிக்கொண்டு எல்லா நீரிலும் அதையே செய்கிறார்கள்.

ஸ்விங் முடிந்து லைன் நேர் கீழே வந்ததும் உடனே எடுக்காதீர்கள். ஐந்து ஆறு நொடி அப்படியே தொங்க விடுங்கள். ராடை ஒரு சாண் தூக்கி, மறுபடி இறக்குங்கள். பின்னாலேயே தொடர்ந்து வந்த மீன் கடிப்பது பெரும்பாலும் இங்கேதான். பிறகு கீழ்நோக்கி ஓரடி எடுத்து வைத்து அடுத்த வீச்சு. ஒரே இடத்தில் இருபது முறை வீசுவதைவிட இருபது அடி நடப்பது மேல்.

இழுப்பு தெரிகிறது, மீன் மாட்டுவதில்லை. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ராட், லைன், ஃப்ளை மூன்றும் ஒரே நேர்கோட்டில் இறுகியிருந்தால், மீன் வாயில் வாங்கித் திரும்புவதற்குக் கொஞ்சமும் லைன் தளர்வதில்லை. உதட்டு நுனியைத் தொட்டுவிட்டு ஃப்ளை வெளியே வந்துவிடுகிறது. நேர் கீழே தொங்கும் ஃப்ளையில் இது இன்னும் மோசம். மீன் உங்களை நோக்கியே இருக்கிறது, நீங்கள் இழுப்பது அதன் வாயிலிருந்து நேராக வெளியே.

ராடைத் தண்ணீருக்கு நேராக நீட்டாமல் 30 முதல் 45 டிகிரி உயர்த்திப் பிடியுங்கள். ராட் நுனியிலிருந்து நீர் வரை லைன் ஒரு தொய்வாக இறங்க வேண்டும். மீன் எடுத்ததும் அந்தத் தொய்வு நிமிரும். அதுவே மீனுக்குத் திரும்ப இடம் கொடுக்கும், திரும்பியதும் முள் வாயின் ஓரத்தில் பதியும். நீங்கள் செய்ய வேண்டியது, கனத்தை உணர்ந்த பிறகு ராடைக் கரைப்பக்கமாக மெல்லச் சாய்ப்பது மட்டுமே. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். இழுப்பு தெரிந்த கணத்தில் மேலே வெடுக்கென்று இழுக்கும் கைதான் பாதி மீனை விடுகிறது.

இவ்வளவும் செய்தும் தட்டிவிட்டே போகிறதா? ஃப்ளை பெரிதாக இருக்கலாம், ஒரு அளவு சிறிய முள்ளுக்குப் போங்கள். இறகு இழை வளைவைத் தாண்டி நீண்டிருந்தாலும் மீன் இழை நுனியை மட்டும் பிடித்துவிட்டு விடும். முள் முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போனால் மழுங்கிவிட்டது.

ஓட்டத்துக்கு எதிராக வீசுவதில் என்ன லாபம்?

மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். நீங்கள் அதன் பின்னால் நிற்பதால் உங்களைப் பார்க்காது. முள்ளும் வாயின் ஓரத்துக்குள் இழுபடும். தெளிந்த, ஆழம் குறைந்த நீரில் இதுவே சிறந்த வழி.

5 முதல் 7 மீட்டருக்கு மேல் வீச வேண்டாம். ஃப்ளை உங்களை நோக்கி மிதந்து வர வர ராடை உயர்த்தி, லைனை நீரில் படாமல் தூக்கிக்கொண்டே வாருங்கள். லைனும் லீடரும் சேரும் இடத்தில் கண் இருக்கட்டும். அது நின்றாலோ, பக்கவாட்டில் சிணுங்கினாலோ உடனே தூக்குங்கள். ஸ்விங்கில் சொன்ன பொறுமை இங்கே உதவாது. லைன் தளர்ந்திருப்பதால் மீன் ஒரே நொடியில் துப்பிவிடும். மூன்று நாலு நொடிக்கு ஒரு வீச்சு என்று ஓயாமல் வீச வேண்டியிருக்கும். கைக்கு வேலை அதிகம், ஆனால் வேகமான சிற்றோடைகளில் இதை மிஞ்ச வேறு முறை இல்லை.

லைசன்ரிங் லிஃப்ட் என்கிறார்களே, அது என்ன?

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் லைசன்ரிங் 1940-களின் தொடக்கத்தில் எழுதிப் பரப்பிய முறை. மீன் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு பாறையின் முன்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு 4, 5 மீட்டர் முன்னால், ஓட்டம் வரும் பக்கத்தில் வீசி, ஃப்ளையை இழுக்காமல் அமிழ விடுங்கள். ராட் நுனியால் அதன் போக்கைத் தொடருங்கள். ஃப்ளை மீனுக்கு அரை மீட்டர் முன்னால் வந்ததாகத் தோன்றும்போது ராடை நிறுத்துங்கள். லைன் இறுகும், ஓட்டம் ஃப்ளையை அடியிலிருந்து மேலே தூக்கும், இழைகள் துடிக்கத் தொடங்கும். மேலேறும் கேடிஸ் மீனின் மூக்குக்கு முன்னால் இப்படித்தான் போகும். ராடைத் தூக்க வேண்டியதில்லை. நிறுத்தினாலே போதும், மேலே தூக்குவது தண்ணீரின் வேலை. கனமான கம்பி முள்ளில் கட்டியதை இதற்கு எடுங்கள்.

ஃப்ளை அமிழாமல் மிதக்கிறது. என்ன செய்ய?

புது ஃப்ளையின் இழையில் காற்று ஒட்டியிருக்கும். விரலில் வைத்து நீருக்குள் பிழியுங்கள், அல்லது கரைச் சேற்றைக் கொஞ்சம் தேய்த்துக் கழுவுங்கள். மிதவைப் பசை பட்ட விரலால் தொடவே கூடாது. அந்தப் பசையை வேறு வகையில் பயன்படுத்தலாம்: நீர்ப்பரப்புக்கு ஒட்டியபடியே ஃப்ளை போக வேண்டுமானால், நுனியில் 40 செ.மீ. விட்டு மீதி லீடருக்கு மட்டும் லேசாகத் தடவுங்கள்.

டங்ஸ்டன் மணி கோத்தால் சாஃப்ட் ஹேக்கிள் கெட்டுவிடுமா?

கெடாது, ஆனால் அது வேறு ஃப்ளையாகிவிடும். ஆழத்துக்குப் போகும், மெல்லிய ஓட்டத்தில் தொங்காது. நுனியில் 2 மி.மீ. மணி வைத்தது ஒன்று, ட்ராப்பரில் மணி இல்லாதது ஒன்று என்று கட்டினால் இரண்டு மட்டத்தையும் பார்த்துவிடலாம்.

வீசும்போது சிக்கிக்கொண்டே இருக்கிறது.

காற்றில் முன்னும் பின்னும் பலமுறை வீசுவதைக் குறையுங்கள். ஒரு தடவை பின்னால், ஒரு தடவை முன்னால் போதும். வீச்சின் வேகத்தைத் தணித்து லூப்பை (காற்றில் லைன் போடும் வளைவை) அகலமாக்குங்கள். ட்ரை ஃப்ளைக்குப் பெருமையாகச் சொல்லப்படும் இறுகிய லூப் மூன்று ஃப்ளைக்குச் சனியன். ஸ்விங் முடிந்து லைன் இறுகி இருப்பதால், பெரும்பாலான நேரம் ஒரே தூக்கில் எடுத்து ரோல் காஸ்டாக (லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டி வீசுவது) போட்டுவிடலாம். பலத்த காற்றில் ட்ராப்பரைக் கழற்றிவிட்டு ஒரே ஃப்ளையோடு நில்லுங்கள்.

ஏரியில் இது எடுபடுமா?

நன்றாகவே. ஆனால் ஓட்டம் இல்லாததால் அசைவை நீங்கள் கொடுக்க வேண்டும். கரையிலிருந்து என்றால் காற்றுக்குக் குறுக்கே வீசி, காற்றே லைனை வளைத்து இழுத்துப் போக விடுங்கள்; லைனைக் கை விரல்களில் எட்டுப் போடுவது போல மிக மெதுவாகச் சுற்றினால் தளர்வு மட்டும் போகும். படகிலிருந்து என்றால் படகைக் காற்றுக்குக் குறுக்காக மிதக்க விட்டு, காற்று போகும் திசையில் 8, 10 மீட்டர் வீசி, படகு முன்னேறும் வேகத்தைவிடச் சற்றே வேகமாக இழுங்கள். கடைசியில் ராடை உயர்த்தி மேல் ட்ராப்பரை நீர்ப்பரப்பில் உரச விட்டு, எடுப்பதற்கு முன் ஓரிரு நொடி நிறுத்துங்கள். அலை எழாத ஏரியில் எதுவும் கிடைக்காது.

பிடித்த மீனை விடுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் உடல் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும். கொக்கி நசுக்கிய முள் என்றால் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே கழற்றலாம். நீர் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த ட்ரவுட் நீந்திப் போனது போலத் தெரிந்தாலும் பிறகு செத்துப்போகலாம். பையில் ஒரு சிறு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளைகளை எப்படிப் பாதுகாப்பது?

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து இரவு முழுக்கக் காற்றாட வையுங்கள். ஈரத்தோடு மூடினால் முள் துருப்பிடிக்கும், துரு பட்டு உடலில் ஊறும். ஃபோம் பிளவில் செருகும்போது இறகு நசுங்காதபடி வளைவை மட்டும் செருகுங்கள். இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால், கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் இடுக்கியால் பிடித்துச் சில நொடி காட்டினால் நிமிர்ந்துவிடும். தனியாக வைத்திருக்கும் இறகுத் தோலில் அந்துப்பூச்சி ஏறும்; இறுக மூடும் பைகளில் போட்டு, புதிதாக வாங்கியதைப் பழையதோடு சேர்க்கும் முன் சில நாள் ஃப்ரீசரில் வையுங்கள்.